சுவருக்குள் மரம்: மலைநாட்டுக் கல் வீட்டை நிலநடுக்கம் தாங்கும்படி கட்டுவது எப்படி

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு நிலநடுக்கத்தில் ஒரேயடியாக நொறுங்கிவிடுவதில்லை. விழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மூலைகள் மேலிருந்து கீழாகப் பிளக்கும். மூலை விட்டதும் நான்கு சுவரும் தனித்தனியாகிவிடும். ஆட்டம் வரும் திசைக்கு முகம் காட்டி நிற்கும் சுவர் வெளியே சாயத் தொடங்கும். அதே நேரத்தில் சுவரின் வெளிமுகக் கற்களும் உள்முகக் கற்களும் நடுவே பிரிந்து, சுவர் வயிறு தள்ளிச் சரியும். சுவர் நகர்ந்ததும் அதன் தலையில் சும்மா உட்கார்ந்திருந்த உத்தரம் நழுவும், கூரை உள்ளே இறங்கும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்தான். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு கோர்க்கா நிலநடுக்கத்தில் மலைக் கிராமங்களின் மண் சாந்துக் கல் வீடுகள் இந்த வழியில்தான் சரிந்தன.

இந்த வரிசையை நடுவிலேயே அறுக்கும் வழியை மேற்கு இமயமலையின் தச்சர்களும் கொத்தனார்களும் நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தின் குலு, சிம்லா, கின்னோர் பகுதிகளில் அது காத்-குனி: ஒரு வரிசை தேவதாரு மரம், ஒரு வரிசை சாந்தில்லாத கல் என்று மாறி மாறி ஏறும் சுவர். வடக்குப் பாகிஸ்தானின் மலைகளில் பத்தார்: கருத்து அதுதான், ஆனால் மரம் சுமார் 2 அடிக்கு ஒரு தடவை மட்டும் வரும். ஸ்ரீநகரின் பழைய தெருக்களில் தாக்: தடித்த செங்கல் தூண்கள், அவற்றைத் தள மட்டத்திலும் ஜன்னல் தலை மட்டத்திலும் சுற்றி ஓடும் மரச் சட்டங்கள். காஷ்மீரில் பரவலாக உள்ள தஜ்ஜி-தேவாரி: மரச் சட்டகத்தின் சிறு சிறு கட்டங்களில் கல்லும் மண்ணும் அடைத்த மெல்லிய சுவர்.

1905 ஏப்ரல் 4 அன்று வந்த காங்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அதைத் தாண்டி நின்ற காத்-குனிக் கட்டடங்களில் குலு பள்ளத்தாக்கின் நக்கர் கோட்டை பெயர் பெற்றது. 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீர் 7.6 அளவில் குலுங்கியபோது, அரைகுறையாகக் கட்டிய கான்கிரீட் கட்டடங்களும் சிமென்ட் பிளாக் வீடுகளும் தரைமட்டமான பகுதிகளிலேயே பல தஜ்ஜி வீடுகள் பூச்சு உதிர்ந்ததோடு தப்பின. அதைப் பார்த்த பிறகு பாகிஸ்தானின் மறுகட்டுமான அமைப்பு தஜ்ஜியையும் பின்னர் பத்தாரையும் அரசு உதவிக்குரிய முறைகளாக ஏற்றுக்கொண்டது.

கீழே சொல்வது ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கான வழிமுறை. கீழ்த்தளம் பத்தார் முறையில் மர ஏணி (சுவருக்குள் ஏணிபோல் படுக்க வைக்கும் மரச்சட்டங்கள்) வைத்த கல் சுவர். மேல்தளம் வேண்டுமென்றால் தஜ்ஜி. அதற்கு மேல் தகரக் கூரை. இரண்டு தளத்துக்கு மேல் இந்த அளவுகளை நீட்டாதீர்கள். இந்தியாவில் கட்டுவதானால் ஐஎஸ் 13828, ஐஎஸ் 4326 என்ற இந்தியத் தரநிலைகள் இரண்டையும் பொறியாளரோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மரம் செய்யும் வேலை

450 மி.மீ. தடிமனுள்ள கல் சுவரில் ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ 1 டன். தரை ஆடும்போது சுவரைத் தள்ளும் விசை இந்த எடையிலிருந்தே பிறக்கிறது. எடை கூடக் கூட விசையும் கூடும். கல் அழுத்தத்தை அருமையாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மண் சாந்தோ இழுவைக்கு எதற்கும் உதவாது. ஆகவே இழுபடும் இடங்களிலெல்லாம் வேறொன்று தேவை. அதுதான் மரம்.

சுவருக்குள் படுத்திருக்கும் மரச்சட்டம் சுமையைத் தாங்கவில்லை. அது செய்வது மூன்று வேலை. மூலையில் இரண்டு சுவர்களையும் ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. வெளிமுகத்தையும் உள்முகத்தையும் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, வயிறு தள்ளுவதைத் தடுக்கிறது. சுவரின் குறுக்கே மூலைவிட்டமாக ஓடும் விரிசல் மரத்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. ஒரு பெரிய பிளவுக்குப் பதில் பல சின்ன விரிசல்களோடு சுவர் நிற்கும்.

நான்காவதாகக் கற்களும் தம் பங்குக்கு ஒன்று செய்கின்றன. சாந்தில்லாத கற்கள் சில மில்லிமீட்டர் ஒன்றோடொன்று உரசி நகரும். அந்த உராய்வு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் உராய்வுக்கு மேலிருந்து எடை அழுத்த வேண்டும். சுவரின் அடியில் அந்த அழுத்தம் தாராளம், உச்சியில் கிடையாது. பழைய காத்-குனி கோபுரங்களில் மேலே போகப் போக மரம் கூடிக் கல் குறைவதன் பொறியியல் நியாயம் இதில் இருக்கிறது. நீங்கள் கட்டும்போதும் மரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் கீழே பிடியுங்கள், மேலே பிடிக்காதீர்கள். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கூரை மட்டத்துக்கு வரும்போது மரமும் பணமும் தீர்ந்துபோய், மிக அவசியமான கடைசி ஏணியை விட்டுவிடுகிறார்கள்.

இடம்

மலையில் நல்ல வீட்டையும் மோசமான இடம் கொன்றுவிடும். முகட்டின் உச்சி, பாறைத் துருத்தலின் நுனி ஆகிய இடங்களில் ஆட்டம் பெருகும். பழைய நிலச்சரிவு கொட்டிய மண்மேடு, ஓடையின் வாய், மேலே தளர்ந்த பாறை தொங்கும் சரிவு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

சரிவை வெட்டித் தளமாக்கும்போது வீடு முழுவதும் வெட்டிய பகுதியின்மேல் நிற்க வேண்டும். பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், கொட்டிய பக்கம் இறங்கி வீடு நடுவே பிளக்கும். இன்னொரு தவறு, வீட்டின் பின்சுவரையே மண்ணைத் தாங்கும் சுவராகப் பயன்படுத்துவது. நிலம் ஆடும்போது பின்னாலுள்ள மண் சுவரை உள்ளே தள்ளும். பின்சுவருக்கும் வெட்டிய சரிவுக்கும் நடுவே குறைந்தது 3 அடி விட்டு வடிகால் வெட்டுங்கள். சரிவு உயரமாக இருந்தால் அதற்குத் தனியாகத் தாங்குசுவர் கட்டுங்கள்.

வீட்டின் வடிவம் நேர்ச்செவ்வகமாக இருக்கட்டும். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்ட வேண்டாம். எல் வடிவம் வேண்டுமென்றால் இரண்டு செவ்வக வீடுகளாக, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுங்கள். குறுக்குச் சுவர் இல்லாமல் எந்தச் சுவரும் 5 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது.

அஸ்திவாரம்

மண்தரையில் 2.5 முதல் 3 அடி ஆழம், 1.5 அடிச் சுவருக்கு 2.5 அடி அகலம். பாறை கிடைத்தால் அதைப் படிபோல் சமதளமாக வெட்டி உட்கார வையுங்கள். சாய்ந்த பாறைமேல் நேரடியாகக் கல் வைத்தால் வழுக்கும். தரைக்கு மேல் பீடம் 1.5 அடியாவது வேண்டும். பனி தேங்கும் ஊர்களில் 2 அடிக்கு மேல் போங்கள். இந்த உயரம் நிலநடுக்கத்துக்காக அல்ல, முதல் மரச்சட்டம் ஈரத்தைத் தொடாமல் இருப்பதற்காக. பீடத்தில் மட்டும் சிமென்ட் சாந்து போடுவதில் தப்பில்லை.

கல் அடுக்குவது

மேலும் கீழும் தட்டையாக உள்ள கல்லாகப் பொறுக்குங்கள். ஆற்றிலிருந்து வரும் உருண்டைக் கல்லை உடைக்காமல் வைக்கவே கூடாது. மண் சாந்து எவ்வளவு போட்டாலும் ஆட்டத்தில் அது உருளும். சுவர்த் தடிமன் 350 முதல் 450 மி.மீ. போதும். தடித்த சுவர் பலமானது என்று நினைத்து 2.5 அடிக்குக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் கொட்டிய சல்லி என்று மூன்று தனிச் சுவர்களாகிவிடும். ஆட்டத்தில் நடுச் சல்லி கீழிறங்கி ஆப்பு மாதிரி இரண்டு முகங்களையும் வெளியே தள்ளும்.

இதைத் தடுப்பது குறுக்குக்கல்: சுவரின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை போகும் ஒற்றை நீளக் கல். உயரத்தில் 600 மி.மீ.க்கு ஒரு வரிசை, நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு மிகாமல் ஒன்று. அவ்வளவு நீளக் கல் கிடைக்காவிட்டால், சுவர்த் தடிமனில் முக்கால் பங்கு நீளமுள்ள இரண்டு கற்களை ஒன்று வெளியிலிருந்தும் ஒன்று உள்ளிருந்தும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் 50 மி.மீ. சதுரக் கான்கிரீட் கட்டையில் 8 மி.மீ. கம்பி வைத்து முன்கூட்டியே வார்த்துக்கொள்ளலாம். குறுக்குக்கல் வைத்த இடத்தில் வெளியே சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். பூச்சுக்கு முன் எண்ணிப் பார்ப்பது எளிது. பூசிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. மூலைகளில் நீளமான கற்களை ஒரு வரிசையில் இந்தச் சுவருக்குள்ளும் அடுத்த வரிசையில் அந்தச் சுவருக்குள்ளும் மாற்றி மாற்றி ஓட விடுங்கள்.

மூலையை மட்டும் முதலில் ஆளுயரத்துக்குக் கட்டிவிட்டு நடுச்சுவரைப் பிறகு நிரப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நூல் பிடிக்க வசதிதான். ஆனால் இணையும் இடம் நிரந்தரமான பிளவுக் கோடாகிவிடும். நான்கு சுவரும் ஒன்றாக, ஒரு நாளைக்கு 600 மி.மீ.க்கு மிகாமல் ஏறட்டும்.

மண் சாந்து வைத்துக் கட்டினால் மண்ணைச் சோதியுங்கள். ஈர மண்ணில் 2 செ.மீ. விட்டமுள்ள ஐந்தாறு உருண்டைகள் பிடித்து 48 மணி நேரம் உலர விடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தும்போது ஒன்றும் உடையக் கூடாது. உடைந்தால் களி போதாது, மண்ணை மாற்றுங்கள். காயும்போது சாந்து வெடித்தால் களி அதிகம், மணல் சேருங்கள்.

மர ஏணி

வீட்டின் உயிர் இதில் இருப்பதால் இங்கே அவசரம் வேண்டாம்.

ஒவ்வொரு மட்டத்திலும் சுவரின் வெளிவிளிம்பில் ஒரு சட்டம், உள்விளிம்பில் ஒரு சட்டம், இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள். மேலிருந்து பார்த்தால் ஏணியைப் படுக்க வைத்தது போல் இருக்கும். நீளச் சட்டம் 4 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம். குறுக்குக் கட்டை 3 × 2 அங்குலம், 2 அடிக்கு ஒன்று. மரம் கிடைக்காத ஊரில் நீளச் சட்டத்தை 75 × 38 மி.மீ., குறுக்குக் கட்டையை 50 × 30 மி.மீ. வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஆணி அடிக்கும்போதே பிளக்கும்.

முதல் ஏணி பீடத்தின்மேல். பிறகு 2 அடிக்கு ஒன்று. ஜன்னல் அடி, ஜன்னல் தலை, கூரை அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் கட்டாயம் ஓர் ஏணி விழும்படி சுவர் உயரத்தை முதலிலேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

மூலையில்தான் வேலை தெரியும். ஒரு சுவரின் இரண்டு சட்டங்களும் அடுத்த சுவரின் இரண்டு சட்டங்களும் நான்கு இடங்களில் ஒன்றையொன்று வெட்டும். அந்த நான்கிலும் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, நடுவில் துளையிட்டு மரமுளை அடிக்க வேண்டும். காய்ந்த கடின மர முளையைச் சற்றே ஈரமுள்ள சட்டத்தில் அடித்தால், சட்டம் காய்ந்து சுருங்கும்போது பிடி இறுகும். சட்டத்தின் நுனி மூலையைத் தாண்டி 6 அங்குலம் வெளியே நீளட்டும். அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுவரோடு அறுத்துவிடுபவர்கள் உண்டு. அறுத்தால் பொருத்துக்கும் நுனிக்கும் நடுவே மரமே மிஞ்சாது. முதல் இழுப்பிலேயே நார் பிளந்து முளை வெளியே வரும்.

சட்டம் நீளம் போதாமல் ஒட்டுப்போட வேண்டி வந்தால், 2 அடியாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சாய்வாக வெட்டி, நான்கு ஆணியோடு கட்டுக்கம்பியும் சுற்றுங்கள். மூலையிலிருந்து 3 அடிக்குள் ஒட்டு வரக் கூடாது. வெளிச்சட்டத்தின் ஒட்டும் உள்சட்டத்தின் ஒட்டும் ஒரே இடத்தில் விழக் கூடாது.

ஏணியின் கட்டங்களுக்குள் கல்லை இறுக்கி நிரப்பிவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். கல் ஏணியின்மேல் மட்டும் உட்கார்ந்து நடுவில் பொந்து இருந்தால், மரம் வளைந்து சுவர் இறங்கும்.

எவ்வளவு மரம் ஆகும்? உள்ளளவு 12 × 10 அடி, சுவர் 1.5 அடி உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வெளியளவு 15 × 13 அடி. நுனி நீட்டலோடு நீளச் சட்டம் 16 அடியில் நான்கு, 14 அடியில் நான்கு, ஆக 120 அடி. 4 × 3 அங்குலத்தில் இது 10 கன அடி. குறுக்குக் கட்டை சுமார் 25, ஒவ்வொன்றும் 1.5 அடி, அது 1.5 கன அடி. ஓர் ஏணிக்கு 11.5 கன அடி. 8 அடிச் சுவருக்கு ஐந்து ஏணி, மொத்தம் ஏறக்குறைய 58 கன அடி. சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். காத்-குனி முறையில் இதே அறைக்கு இதைப்போல் பல மடங்கு ஆகும். காட்டு மரத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு புதிதாகக் கட்டுபவர்கள் அதை விட்டு விலகியதில் ஆச்சரியமில்லை.

தேவதாருவில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பூச்சி லேசில் தொடாது. சிர் பைன், பாப்ளர் வாங்கினால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தாமல் சுவருக்குள் வைக்காதீர்கள். அந்த மருந்து மழையில் கரையும் என்பதால் வெளியே நீளும் நுனிகளுக்கு எண்ணெய் தனியாகப் பூச வேண்டும்.

மரமே கிடைக்காது என்றால் அதே மட்டங்களில் கான்கிரீட் பட்டை போடலாம். 75 மி.மீ. உயரம், சுவர் முழு அகலம், 12 மி.மீ. கம்பி இரண்டு, 6 மி.மீ. குறுக்குக் கம்பி 150 மி.மீ.க்கு ஒன்று. இது கற்களை மண் சாந்தோடு கட்டிய சுவருக்கும் பொருந்தும். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு மூலையில்: இரண்டு பக்கக் கம்பிகளும் மூலை வரை வந்து அப்படியே நின்றுவிடும். வெளிக்கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் குறைந்தது 600 மி.மீ. போயாக வேண்டும். போகாவிட்டால் பட்டை போட்ட செலவு வீண்.

சிமென்டைப் பற்றி ஒரு வார்த்தை. முழுவதும் நல்ல சிமென்ட் சாந்தில், கான்கிரீட் பட்டையோடு கட்டுவது நல்ல முறைதான். கெடுதல் அரைகுறையில் இருக்கிறது. மண் சுவரின் வெளிமுகத்தில் மட்டும் சிமென்ட் பூசினால் பார்க்கப் பலமாகத் தெரியும். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. அதோடு நில்லாமல் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரச்சட்டத்தை உளுக்க வைக்கும். மரம் வைத்த சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்பும் மட்டுமே.

கதவு, ஜன்னல்

மூலையிலிருந்து 2 அடிக்குள் எந்தத் திறப்பும் வேண்டாம். இரண்டு திறப்புகளுக்கு நடுவிலும் அதே 2 அடி. ஒரு சுவரில் எல்லாத் திறப்புகளின் அகலமும் சேர்ந்து சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கதவு வரும் இடத்தில் கீழேயுள்ள ஏணிகள் அறுபடும். அறுபட்ட முனைகளை 4 × 4 அங்குலச் செங்குத்துச் சட்டங்களில் கழுந்து (துளைக்குள் இறங்கும்படி மர முனையில் செதுக்கிய நாக்கு) வைத்து இறக்கி, அந்தச் சட்டங்களைக் கதவுத் தலைக்கு மேல் ஓடும் ஏணியோடு பொருத்திவிடுங்கள்.

மேல்தளம்: தஜ்ஜி

கல்லின்மேல் இன்னொரு கல் தளம் ஏற்றுவதைவிட, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வரும் தஜ்ஜியை ஏற்றுவது எல்லா வகையிலும் மேல். சுவர் 4 அங்குலத் தடிமன். மூலைகளிலும் சுமார் 4 அடி இடைவெளியிலும் 4 × 4 அங்குலத் தூண்; நடுவே 4 × 2 சட்டங்கள்; குறுக்குச் சட்டங்களும் மூலைவிட்டங்களும் சேர்ந்து சுவரைப் பிரிக்கும்போது எந்தக் கட்டமும் 2 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அடிச்சட்டம் கீழ்த்தளத்தின் உச்சி ஏணியோடு 12 மி.மீ. போல்ட்டால் 4 அடிக்கு ஒரு தடவை இணைய வேண்டும். தரைமேலேயே நேரடியாகத் தஜ்ஜி கட்டினால் பீடத்தில் போல்ட்டைப் புதைத்துவிடுங்கள்.

அடைப்புக்குக் கைக்கு அடங்கும் சிறு கற்கள், வைக்கோலோ பைன் ஊசியிலையோ கலந்த மண். கட்டத்தின் உள்விளிம்பில் அங்கங்கே ஆணியைப் பாதி அடித்து நீட்டி விட்டால் அடைப்பு கழன்று விழாது. பெரிய கல்லைச் செருகிக் கட்டத்தை நிரப்பும் சோம்பேறித்தனம் ஆபத்தானது. அந்தக் கல் ஆட்டத்தில் சட்டத்தை நெம்பி வெளியே வரும். சிறு கல்லும் மண்ணும் உரசி, உதிர்ந்து, ஆற்றலைத் தின்னும். உதிர்ந்த கட்டத்தை அடுத்த வாரமே திரும்ப அடைத்துக்கொள்ளலாம்.

பலம் அடைப்பில் இல்லை, மூட்டுகளில் இருக்கிறது. தூணின் அடியும் தலையும் கழுந்து வைத்துத் துளையில் இறங்கி, மேலே தகரப் பட்டையோ கம்பியோ கட்டியிருக்க வேண்டும். வெறும் ஆணியை நம்பிய தூண் அடிச்சட்டத்திலிருந்து உருவிக்கொள்ளும். மூலையை ஒட்டிய கட்டங்களில் மூலைவிட்டம் இரண்டு திசையிலும் வேண்டும். 1897 ஜூன் 12 ஷில்லாங் பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு வடகிழக்கில் பரவிய அஸ்ஸாம் வகை இக்ரா வீடுகளும் இதே வழியில் போனவைதான்: கனத்த கல்லுக்குப் பதில் மரச்சட்டம், நாணல் தட்டி, மண்பூச்சு. 2011 செப்டம்பர் 18 சிக்கிம் நிலநடுக்கத்திலும் இக்ரா நன்றாகவே தாக்குப்பிடித்தது.

தளமும் கூரையும்

தள உத்தரங்கள் சுவரின் பாதியில் நிற்கக் கூடாது. முழுத் தடிமனையும் கடந்து வெளியே நீண்டு, சுவரின் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்திருக்க வேண்டும். அப்போதுதான் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பலகை விரித்து, அதன்மேல் மூலைவிட்டமாக இன்னொரு வரிசைப் பலகை அடித்தால் தளம் விறைப்பாகும்.

1 அடித் தடிமனுள்ள மண் கூரை சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டும். தகரம் 5 கிலோ அளவில்தான். ஆண்டுதோறும் ஒழுகலை நிறுத்த இன்னும் கொஞ்சம் மண் போட்டுப் போட்டு 2 அடிக்கு ஏறிய கூரைகளும் உண்டு. காத்-குனியின் கனத்த பலகைக்கல் கூரை சுவரை அழுத்திப் பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மரம் இருக்கிறது. பத்தாருக்கோ தஜ்ஜிக்கோ அதைக் காட்டி நியாயம் பேச முடியாது. இங்கே தகரமே சரி.

தகரத்துக்குக் காற்று எதிரி. ஆகவே கைமரங்களை உச்சி ஏணியோடு மட்டுமல்லாமல், அதற்கு ஒரு மட்டம் கீழேயுள்ள ஏணி வரை கால்வனைஸ் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். எதிரெதிர்க் கைமரங்களை அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரை சுவர்களை வெளியே உதைக்கும். கூரை முட்டும் முக்கோணப் பகுதியைக் கல்லால் கட்டாதீர்கள். முதலில் விழுவது அதுதான். பலகையோ தகரமோ அடித்து மூடுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் வீடு

கல் வீட்டை இடித்துக் கட்ட எல்லோராலும் முடியாது. பிணைப்பே இல்லாத பழைய சுவரிலும் நிறையச் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் கூரையின் எடையைக் குறைத்து, கைமரங்களைச் சுவரோடு கட்டுங்கள். அடுத்து கல் முக்கோணத்தை இறக்குங்கள். அதற்குப் பிறகே சுவரில் கை வையுங்கள்.

சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 1 அங்குலத்துக்கு மேல் புடைத்த இடத்தை முட்டுக் கொடுத்துப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும்; அதற்குள் குறுக்குக்கல் செருகுவது பயன் தராது. மற்ற இடங்களில், 1 மீட்டருக்கு ஒன்றாக நீளவாக்கிலும் உயரவாக்கிலும் புள்ளி குறியுங்கள். அடுத்தடுத்த வரிசையில் அரை மீட்டர் தள்ளி வரட்டும். குறித்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, ஒரு கல்லைச் சுற்றிச் சாந்தை நோண்டி எடுங்கள். சின்னக் கடப்பாரையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்து, கல் தளர்ந்ததும் இரண்டு கையாலும் உருவுங்கள். சம்மட்டி வேண்டாம், அடி விழுந்தால் பக்கத்துக் கல்லும் வரும். உள்ளேயிருக்கும் சல்லியைக் கையால் எடுத்து 75 மி.மீ. அகலத் துளை போடுங்கள். மறுபக்கத்தில் மெல்லத் தட்டி எதிர்க்கல்லைக் கண்டுபிடித்து அதையும் உருவுங்கள். துளை இரு முகத்திலும் அகன்று நடுவில் குறுகியிருக்கும். 1:2:4 (சிமென்ட், மணல், சல்லி) கான்கிரீட்டை அடிப்பாதிக்கு நிரப்பி, இரு முனையும் கொக்கியாக வளைத்த 8 மி.மீ. கம்பியை வைத்து, மீதியை நிரப்புங்கள். பத்து நாள் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளைத் திறக்காதீர்கள். திறந்ததை அன்று மாலைக்குள் நிரப்பிவிடுங்கள்.

பிறகு ஜன்னல் தலைக்கு மேலும் கூரைக்கு அடியிலும் வெல்டு கம்பிவலைப் பட்டை. ஓர் அடி அகலத்துக்குப் பூச்சை எடுத்து, கல் மூட்டுகளை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, கழுவி, 1:3 (சிமென்ட், மணல்) சாந்து ஒரு கை பூசி, வலையை 6 அங்குல ஆணிகளால் அறைந்து, மேலே இன்னொரு கை பூச வேண்டும். வலையின் ஒட்டு ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும், மூலையில் ஒட்டு வேண்டாம். உள்ளும் புறமும் இரண்டு பட்டை போட்டு, சுவரைத் துளைத்த கம்பியால் இரண்டையும் இணைத்தால்தான் பலன். வெளியே மட்டும் போட்டால் சுவர் உள்பக்கம் சரியும்போது அது தடுக்காது. பட்டை குறுகலாக இருப்பதால் முழுச் சுவரையும் சிமென்டால் மூடும் பிரச்சினை இங்கே எழாது.

ஆண்டுக்கு ஒருமுறை

பனி உருகியதும் பீடத்தைச் சுற்றி வடிகாலைத் தூர்வாருங்கள். வெளியே நீளும் சட்ட நுனிகளில் கத்தி முனையைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டம் உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும். தளர்ந்த முளைகளையும் ஆப்புகளையும் திரும்ப அடியுங்கள்.

சின்ன நில அதிர்வு வந்தாலும் முதலில் மூலைகளைப் பாருங்கள், பிறகு உத்தர நுனிகளை, கடைசியாகச் சுவரின் நடுவை. நடுச்சுவரில் முடி அகல விரிசல் வழக்கமானது. மூலையில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால், வெளியிலிருந்து அந்த மூலையின் இரண்டு சுவர்களுக்கும் சாய்வு மரத்தால் முட்டுக் கொடுத்த பிறகே யாரும் உள்ளே போக வேண்டும்.